கிரீன்லாந்து சுறாவும் கரும்புத் தேரையும்: எது முன்னேறிய உயிர்?

கேள்வி கேட்டவர் இரண்டு விலங்குகளை அருகருகே நிறுத்தியிருக்கிறார். ஒன்று வட அட்லாண்டிக்கின் ஆழத்தில் 400 வருடம் வாழ்வதாகச் சொல்லப்படும் கிரீன்லாந்து சுறா. இன்னொன்று, பத்துப் பதினைந்து வருடத்தில் இறந்துபோனாலும் ஒரே தடவையில் 30,000 முட்டை வரை இடும் வெப்பமண்டலக் கரும்புத் தேரை. இதில் எது பரிணாமத்தில் முன்னேறியது, சுறா ஏன் தேரை மாதிரி பெருகவில்லை, தேரை ஏன் சுறா மாதிரி நீண்ட காலம் வாழவில்லை, இரண்டிலும் இருப்பது ஒரே விஷமா என்று கேட்கிறார். அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஆயுளின் நீளத்தையும் குட்டிகளின் எண்ணிக்கையையும் எது தீர்மானிக்கிறது? பல வருடங்களாக விலங்கியல் பாடம் எடுப்பவன் நான். தேரைகளை நேரில் கையாண்டு பழக்கம் உண்டு. ஆழ்கடல் ஆய்வுக் கப்பலில் போனதில்லை. ஆகவே சுறாவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் அந்த 'முன்னேறியது' விஷயத்தை முடித்துவிடலாம். சுறா பழையது, தேரை புதியது என்று ஏணிப்படி போல நினைப்பது பரவலாக இருக்கிறது. சுறாக்களின் வம்சமும் தேரை, நாம் எல்லாம் சேர்ந்த எலும்புள்ள விலங்குகளின் வம்சமும் பிரிந்தது சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணிக்கிறார்கள். பிரிந்த நாளிலிருந்து இரண்டு வம்சங்களுக்கும் கிடைத்த காலம் ஒன்றேதான். அடுப்பங்கரைக்கு வரும் சாதாரண எலும்பு மீன்கூடச் சுறாவைவிடத் தேரைக்குத்தான் நெருங்கிய உறவு. உடலமைப்பை வைத்துப் பார்த்தாலும் ஏணி நிற்காது. தேரைக்கு மூன்று அறை இதயம், நுரையீரல், நான்கு கால்கள். ஆனால் அது முட்டையைத் தண்ணீரில் விட்டு, வெளியே கருவுறச் செய்து, அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. கிரீன்லாந்து சுறாவிலோ கருவுறுதல் உடலுக்குள்ளேயே நடக்கிறது. தாய் குட்டிகளை வயிற்றில் சுமந்து உயிரோடு ஈனுகிறது. எதை வைத்து யாரை மேலே ஏற்றுவது? உயிரியலில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

'ஆழ்கடல் சுறா' என்ற அடைமொழிக்கும் ஒரு திருத்தம் தேவை. கிரீன்லாந்து சுறா எப்போதும் ஆழத்திலேயே கிடப்பதில்லை. அதற்கு வேண்டியது குளிர்ந்த நீர். வடக்கே, கடல் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் இடங்களில் மேற்பரப்பு வரைக்கும் வரும். தெற்கே போகப் போக, அதே குளிரைத் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும். 2,000 மீட்டருக்கும் கீழே அதைப் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக்கு அருகே, குளோவர்ஸ் ரீஃப் என்ற பவளத்திட்டின் ஓரத்தில், கிரீன்லாந்து சுறா போன்ற ஒன்று தூண்டிலில் சிக்கியது. அது தூய கிரீன்லாந்து சுறாவா, பசிபிக்கில் வாழும் அதன் நெருங்கிய இனத்தோடு கலந்த கலப்பினமா என்பது உறுதியாகவில்லை. பெலீஸ் கரும்புத் தேரையின் பூர்வீக நிலப்பரப்புக்குள்தான் வருகிறது. கரையில் அந்தத் தேரை, கரைக்கு அப்பால் செங்குத்தாக இறங்கும் கடலின் குளிர்ந்த ஆழத்தில் இந்தச் சுறா! இந்த ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

சரி, அந்த 400 வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது? சில சுறா இனங்களுக்கு முதுகெலும்பில் வருடந்தோறும் படியும் வளையங்களை எண்ணி வயது சொல்வார்கள். சிலவற்றுக்குத் துடுப்பு முள்ளில் எண்ணுவார்கள். கிரீன்லாந்து சுறாவின் முதுகெலும்பு மிருதுவானது, வளையம் படிவதில்லை. துடுப்பில் முள்ளும் கிடையாது. அதனால் டென்மார்க்கைச் சேர்ந்த யூலியஸ் நீல்சனும் குழுவினரும் கண்ணை எடுத்துக்கொண்டார்கள். கண்வில்லையின் நடுப்பகுதி குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதிலுள்ள புரதம் பிறகு மாற்றப்படுவதே இல்லை. அந்தப் புரதத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். 1950-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று கூடி, 1960-களின் தொடக்கத்தில் கடல் உணவுச் சங்கிலிக்கும் வந்து சேர்ந்தது. அந்தத் தடயம் கண்ணில் இருந்தால் குட்டி அதற்குப் பின்னால் பிறந்தது, இல்லையென்றால் முன்னால். மொத்தம் 28 பெண் சுறாக்களைப் பார்த்து 2016-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

அதிகம் திரித்துச் சொல்லப்படுவது அந்த முடிவுதான். ஐந்து மீட்டர் நீளமிருந்த மிகப் பெரிய சுறாவுக்கு அவர்கள் கணித்த வயது 392 வருடம். பிழை வரம்பு முன்னும் பின்னும் 120 வருடம். அதாவது 272-க்கும் 512-க்கும் இடையில் எங்கேயோ. செய்திகளில் பலர் 512-ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அணுகுண்டுத் தடயம் தெளிவாக உதவுவது சிறிய, இளம் சுறாக்களுக்கு மட்டும். பெரிய சுறாக்களுக்கு, பழைய கடல்நீரின் கார்பன் அளவுகளோடும், பிறக்கும்போது இருந்திருக்கக்கூடிய நீளத்தோடும், வளர்ச்சி வேகத்தோடும் பொருத்திப் பார்த்துத்தான் வயதை ஊகிக்க முடியும். அந்த அனுமானங்கள் மாறினால் எண்ணும் மாறும். அதனால் வகுப்பில் நான் சொல்வது இதுதான்: குறைந்தபட்சக் கணக்கை எடுத்தாலே 270 வருடத்துக்கு மேல், முதுகெலும்புள்ள வேறு எந்த விலங்குக்கும் இவ்வளவு ஆயுள் தெரியவில்லை, 500 என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். பெண் சுறா சுமார் நான்கு மீட்டர் நீளம் வந்த பிறகுதான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது; அந்த நீளத்துக்கு அதே ஆய்வு தரும் வயது 150-ஐத் தாண்டுகிறது. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத விலங்கு என்பது, குறியிட்டு விடப்பட்டு வருடங்கள் கழித்துத் திரும்பப் பிடிபட்ட சுறாக்களிலிருந்து தெரிந்த விஷயம்.

கரும்புத் தேரையின் கணக்கு நேர் எதிர். முட்டை நீண்ட ஜெல்லி இழைகளாகத் தண்ணீரில் விழுகிறது. ஒரு தடவைக்கு 8,000 முதல் 30,000 வரை. இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். சில வாரங்களில் தலைப்பிரட்டை ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குட்டித் தேரையாகக் கரையேறும். வெப்பமான இடங்களில் ஒரு வருடத்துக்குள்ளேயே அது பெற்றோர் ஆகத் தயார்.

இப்போது அந்த 30,000-ஐப் பார்த்து மலைத்துப் போகாமல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இனத்தின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்கிறது என்றால், ஒரு ஜோடி தன் வாழ்நாள் முழுக்கப் பெற்றதில் சராசரியாக எத்தனை பிழைத்துப் பெரியதாகி இனப்பெருக்கம் செய்ய வேண்டும்? இரண்டு. தேரைக்கும் இரண்டு, சுறாவுக்கும் இரண்டு. மீதியெல்லாம் வழியில் போய்விட வேண்டும், இல்லையென்றால் உலகம் கொள்ளாது. ஆக, தேரை 30,000 முட்டை இடுகிறது என்பது அதன் பெருக்கத்தைக் காட்டுகிற எண் மட்டும் இல்லை. குட்டிப் பருவத்தில் எத்தனை சாகின்றன என்பதையும் அதே எண் சொல்லிவிடுகிறது. குட்டை வற்றிப் போகும், மற்ற தலைப்பிரட்டைகள் தின்றுவிடும், கரையேறிய குட்டியை எறும்பு இழுத்துப் போகும். வளர்ந்த பிறகும் வறட்சி, நோய், எதிரிகள். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்பது நிச்சயமில்லாத இடத்தில், உடலைப் பழுதுபார்த்து நூறு வருடம் ஓட்டுவதற்குச் செலவிடுவதைவிட, இருக்கும்போதே முட்டையாக மாற்றிவிடுவது லாபம். இயற்கைத் தேர்வு அப்படிப்பட்ட தேரைகளைத்தான் விட்டுவைத்திருக்கிறது.

வளர்ந்த கிரீன்லாந்து சுறாவைத் தின்னக்கூடிய விலங்கு அதன் கடலில் அபூர்வம். வருடா வருடம் நிலைமை பெரிதாக மாறாத நீர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெரிய விலங்கு அடுத்த வருடமும் உயிரோடு இருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்போது அவசரம் தேவையில்லை. மெதுவாக வளர்ந்து, உடலைக் காப்பாற்றி, பல பத்தாண்டுகளுக்குச் சிறிது சிறிதாகக் குட்டி போட்டால் போதும். சாவு எந்த வயதில் அதிகம் வருகிறது என்பதுதான் இரண்டு விலங்குகளின் வாழ்க்கை வேகத்தையும் இப்படிச் செதுக்கியிருக்கிறது. நீண்ட ஆயுள் என்றாலே குறைந்த குட்டி என்று இதிலிருந்து ஒரு பொதுச் சட்டம் எழுதிவிட வேண்டாம். பெலூகா ஸ்டர்ஜன் என்ற மீன் நூறு வருடம் வரை வாழும். முட்டையை லட்சக்கணக்கில் இடும். அதன் குட்டிகள் ஏராளமாகச் சாகின்றன, பெரியவை நீண்ட காலம் பிழைக்கின்றன, அதனால் இரண்டும் சேர்ந்தே அமைந்திருக்கிறது. கிரீன்லாந்து சுறாவே ஒரு ஈற்றில் எத்தனை குட்டி போடும் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. கருவுற்ற சுறாவை அறிவியல் முறைப்படி பார்த்துப் பதிந்தது மிகச் சில தடவைகள்தான். பத்து என்பது பழைய பதிவு. நூற்றுக்கணக்கில் இருக்கலாம் என்பது அண்மைக் கணிப்பு.

மெதுவான வாழ்க்கைக்கு ஒரு விலை உண்டு. இதைப் பாடத்தில் எண்களோடு காட்டுவேன். இவை அளந்த எண்கள் கிடையாது, வெறும் கணக்கு. ஒரு சுறா 150 வயதுவரை பிழைத்தால்தான் முதல் குட்டி என்று வையுங்கள். வருடத்துக்கு நூற்றில் ஒன்று மட்டும் இறந்தால், 100 சுறாக்களில் சுமார் 22 அந்த வயதை எட்டும். நூற்றில் இரண்டு இறந்தால் 5-தான் எட்டும். நூற்றில் ஐந்து இறந்தால் 2,000-க்கு ஒன்றுகூடத் தேறாது. ஐந்து சதவீதம் என்பது சாதாரண மீன்பிடியில் ஒன்றுமே இல்லாத அளவு! தேரைக்கு இதே ஐந்து சதவீதம் கூடுதலாகப் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு வருடம்தானே தாக்குப்பிடிக்க வேண்டும்.

இந்தச் சுறாவின் ஆயுளுக்குக் குளிர்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. குளிரில் உடலின் வேதிவினைகள் மந்தமாகும், வளர்ச்சியும் நீச்சலும் மந்தமாகும். இந்தச் சுறாவின் சராசரி நீச்சல் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஆனால் அதே ஆர்க்டிக் நீரில் வாழும் போலார் காட் என்ற சிறு மீன் ஏழெட்டு வருடத்தில் முடிந்துவிடுகிறது. மறுபக்கம், வெப்பமண்டலத் தீவுகளில் இருக்கும் ராட்சத ஆமைகள் 150 வருடத்தைத் தாண்டுகின்றன. குளிர் மட்டுமே காரணமென்றால் இரண்டுமே நடந்திருக்காது. உடல் பெரியதாக இருப்பதும் எதிரி இல்லாததும் சேர வேண்டும். செல்களைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் இந்தச் சுறாவுக்குத் தனித்தன்மை இருக்கிறதா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் முடிவான பதில் வந்துவிட்டது போல எழுதப்படுபவற்றை நான் இன்னும் ஏற்கவில்லை.

விஷத்துக்கு வருகிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பத்தை உண்டாக்குகிறது, ஏனென்றால் இரண்டும் உடலுக்குள் இருப்பதற்கான காரணமே வேறு. கடல்நீரின் உப்பு உடலிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். அதைத் தடுக்கச் சுறாக்கள் யூரியாவை வெளியே விடாமல் ரத்தத்திலேயே தேக்கிவைக்கின்றன. யூரியா அந்த அளவுக்குச் சேர்ந்தால் புரதங்களைக் கெடுக்கும். அதற்கு மாற்றாக ட்ரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்ற பொருளும் உடலில் நிறைய இருக்கிறது. ஆழத்தின் அழுத்தத்திலிருந்து புரதங்களைக் காப்பதும் அதே பொருள். உயிருள்ள சுறாவுக்கு அது மருந்து மாதிரி. அந்த இறைச்சியைப் பச்சையாகத் தின்றவரின் குடலில் அது ட்ரைமெத்தில் அமைனாக மாறும்போதுதான் தொல்லை. குடித்தது போன்ற தள்ளாட்டம் வரும்; ஸ்லெட்ஜ் இழுக்கும் நாய்கள் இதைத் தின்று நிற்க முடியாமல் போனதைக் கிரீன்லாந்தில் நெடுநாளாகக் கண்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் இறைச்சியை வாரக்கணக்கில் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைத்து, ஹாகார்ல் என்ற பெயரில் சாப்பிடுகிறார்கள். ஆக, சுறாவின் 'விஷம்' யாரையும் எதிர்ப்பதற்காக வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

தேரையுடையது எதிரிக்கென்றே செய்துவைத்த விஷம். கண்ணுக்குப் பின்னால் தோள்வரை புடைத்திருக்கும் இரண்டு சுரப்பிகளிலிருந்து பால் போல வரும். அதிலுள்ள புஃபாடியெனோலைடுகள் என்ற நச்சுப் பொருள்கள், செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறைக்கும் பம்பை அடைத்துவிடும். இதயத்துக்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் மருந்து வேலை செய்வதும் அதே பம்பில்தான். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். முட்டையிலும் தலைப்பிரட்டையிலும் விஷம் உண்டு. கரையேறும் நேரத்தில் மிகக் குறைந்து, வளர வளர மறுபடி ஏறும். தேரைகளோடு லட்சக்கணக்கான வருடம் பழகிய இடங்களில் பாம்புகளுக்கும் உடும்புகளுக்கும் அந்தப் பம்பே சற்று மாறி, விஷம் ஒட்டாதபடி அமைந்திருக்கிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள உடும்புகளுக்கு அந்தத் தாங்கும் சக்தி இருக்கிறது. பூர்வீகத் தேரையே இல்லாத ஆஸ்திரேலியாவின் உடும்புகளுக்கு இல்லை.

அங்கேதான் பெரிய கேடு நடந்தது. 1935-இல் ஹவாயிலிருந்து 102 தேரைகளை வடக்கு குயின்ஸ்லாந்தின் கார்டன்வேல் பகுதிக்குக் கொண்டுவந்து, அவற்றின் குஞ்சுகளைக் கரும்புத் தோட்டங்களில் விட்டார்கள். கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க என்று நம்பித்தான் செய்தார்கள். வண்டு பயிரின் மேலே இருந்தது, அதன் புழு மண்ணுக்குள் இருந்தது, தேரை தரையில் இருந்தது. வண்டு ஒழியவில்லை. தேரை பரவியது, குவால் என்ற சிறு வேட்டை விலங்குகளும், உடும்புகளும், நன்னீர் முதலைகளும் தேரையைக் கடித்து மாண்டன. இன்று அங்கே 20 கோடி தேரைகள் என்று சொல்லப்படுவதைத் தோராயமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். பரவும் வேகம் அளக்கப்பட்டது: தொடக்கத்தில் வருடத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் போலிருந்தது, பிறகு ஐம்பதைத் தாண்டியது. முன்னணியில் போகும் தேரைகளின் கால்கள் பின்னால் இருப்பவற்றைவிட நீளமாகிவிட்டன என்று 2006-இல் காட்டினார்கள். வேகமாகத் தாவுபவை முன்னே போய், முன்னே போனவை தங்களுக்குள்ளேயே இணைசேர்ந்ததன் விளைவு அது. அந்த ஓட்டத்தில் பெரிய தேரைகள் சிலவற்றுக்கு முதுகெலும்பு மூட்டு வாதமே வந்திருக்கிறது. ஒரு மனித ஆயுளுக்குள் நடந்த பரிணாமம் இது. அதே 1935-இல் பிறந்த ஒரு பெண் கிரீன்லாந்து சுறா, வயதுக் கணக்கு சரியென்றால், 2085 வாக்கில்தான் முதல் தடவை தாயாகும். அந்த இனத்துக்கு ஒரு தலைமுறைகூட இன்னும் நகரவில்லை. மாறும் சூழலுக்கு மரபுவழியில் ஈடுகொடுக்க அதற்கு நேரமே கிடையாது.

எது ஜெயித்தது என்று கேட்டவருக்கு என் பதில்: மனிதன் கை வைக்கும்வரை இரண்டுமே அதனதன் இடத்தில் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தன. நாம் செய்தது ஒன்றை அதன் இடத்திலிருந்து எடுத்தது, மற்றொன்றை அது இல்லாத இடத்தில் போட்டது. கல்லீரல் எண்ணெய்க்காகக் கிரீன்லாந்து சுறாவை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வருடத்துக்குப் பல்லாயிரக்கணக்கில் பிடித்தார்கள். செயற்கை எண்ணெய் வந்ததும் அந்தத் தேவை போயிற்று, ஆனால் அன்று பிறந்த குட்டிகள் இன்னும் பருவத்துக்கு வரவில்லை. இப்போது ஹாலிபட் மீனுக்கு விரிக்கும் நீண்ட தூண்டில் கயிறுகளிலும் இழுவலைகளிலும் அது தற்செயலாக மாட்டுகிறது. 2020-இல் அதை அழியும் வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தார்கள். மாட்டிய சுறாவைக் காயமில்லாமல் விடுவிப்பது ஒன்றே உடனடியாகப் பலன் தரும், ஏனென்றால் அந்த இனம் நிற்பதே வளர்ந்த விலங்குகள் பிழைப்பதில். தேரைக்கோ, வளர்ந்தவற்றைப் பிடித்துப் பிடித்துக் கொல்வதால் மட்டும் பெரிதாக எதுவும் நடக்காது. மிஞ்சிய ஒரு ஜோடி குட்டையை நிரப்பிவிடும். அதனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேரையை விட்டுவிட்டு, அதைத் தின்று சாகும் விலங்குகளின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பெரிய தேரைகள் வந்து சேர்வதற்கு முன்பே, விஷம் குறைவான குட்டித் தேரைகளை உடும்புகளின் வழியில் விடுகிறார்கள். தின்ற உடும்புக்குக் குமட்டலெடுக்கும், சாகாது, அடுத்த தடவை தேரையைத் தொடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் இப்படிச் செய்த இடங்களில், தேரைப் படை வந்த பிறகும் உடும்புகள் தொடர்ந்து வாழ்கின்றன.